துரத்திய மண், பெயர் சூட்டும் மண்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் தட்டையான வண்டல் பூமியை அங்கே டெல்டா என்பார்கள். பருத்திக்குப் பேர்போன மண். அதற்கு நடுவே சன்ஃப்ளவர் கவுண்டியின் தலைமையிடமாக இருக்கும் சிற்றூர் இண்டியனோலா. மிசிசிப்பி தன் புகழ்பெற்ற பிள்ளைகளை அன்று எப்படி நடத்தியது, இன்று எப்படி நடத்துகிறது என்பதை அறிய இந்த ஓர் ஊரின் கதையே பெரும்பாலும் போதும்.

1954 மே மாதம், பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து, இரண்டே மாதத்தில் இண்டியனோலாவின் வெள்ளைக்கார வியாபாரிகளும் பண்ணைக்காரர்களும் கூடி ‘குடிமக்கள் மன்றம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஆயுதம் பெரும்பாலும் பணம்தான். ஓட்டுரிமை கேட்டவனுக்கு வேலை போகும். பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மனுக் கொடுத்தவருக்கு வங்கியில் கடன் கிடைக்காது. அந்த மன்றம் தென்மாநிலங்கள் எங்கும் கிளை விட்டது.

1962 ஆகஸ்ட் 31 அன்று, பக்கத்து ரூல்வில்லிலிருந்து ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைத் தொழிலாளி, இன்னும் 17 பேருடன் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலா நீதிமன்றத்துக்கு வந்தார். வாக்காளராகப் பெயர் பதிவதற்காக. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள், பதிவு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. பள்ளிப் பேருந்தைப் போல அதிக மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம். வண்டிக்குள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது ஹேமர் பாட ஆரம்பித்தார். அன்றே பண்ணை முதலாளி அவரை வெளியேறச் சொன்னார். 18 ஆண்டுகள் அவர் உழைத்த பண்ணை அது. வாக்குரிமைக்காகத் தொடர்ந்து உழைத்த அவர், அடுத்த ஆண்டு கைதாகி வினோனா சிறையில் அடிபட்டார். அந்த அடி அவருடைய சிறுநீரகத்தையும் பார்வையையும் சாகும்வரை விடவில்லை. 1977இல் அவர் இறந்தார். 2012இல் அதே ரூல்வில்லில் அவருக்குச் சிலை எழுந்தது. அந்தச் சிலை ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். கைகட்டி நிற்கும் சிலையாக இருந்திருந்தால் அது அவராகவே இருந்திருக்காது.

இதே இண்டியனோலாவில், 1940களில், பகலில் டிராக்டர் ஓட்டிவிட்டு சனிக்கிழமைகளில் தெருமுனையில் கிதாருடன் நின்று பாடிய இளைஞன் ஒருவன் இருந்தான். பிறகு மெம்பிஸுக்குப் போய்விட்டான். அவன்தான் உலகம் அறிந்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங். கிங் வேலை பார்த்த பருத்தி ஜின்னிங் ஆலை 2008இல் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாயிற்று. 2015இல் லாஸ் வேகஸில் உயிர் பிரிந்தபின், அவரை அந்த அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். குடிமக்கள் மன்றம் பிறந்த ஊருக்கு இன்று வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் அவரைத் தேடித்தான்.

மாநிலத் தலைநகர் ஜாக்சனில் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் கதை. 1925இல் ஸ்மித் ராபர்ட்சன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தபோது முதல் மாணவன் அவர். விழாவில் படிக்கத் தலைமையாசிரியர் உரை ஒன்றைத் தயாராக எழுதிக் கொடுத்தார். பையன் அதை ஏற்கவில்லை, தான் எழுதியதையே படித்தான். அந்த ஆண்டே ஊரைவிட்டுக் கிளம்பியவர் மெம்பிஸ், சிகாகோ, நியூயார்க் என்று போய், 1960இல் பாரிஸில் இறந்தார். 1945இல் அவருடைய தன்வரலாறு வந்தபோது மிசிசிப்பியின் செனட்டர் பில்போ அதை ஆபாசக் குப்பை என்று நாடாளுமன்றத்திலேயே சாடினார். 1961இல்கூட ஜாக்சனின் மைய நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்த குற்றத்துக்காக டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள் கைதானார்கள். இன்று அந்நகரின் கிளை நூலகம் ஒன்றுக்கு ரைட்டின் பெயர். அவர் படித்த பள்ளிக் கட்டடம் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம்.

ஜாக்சனில் விமானம் இறங்குகிறவர்கள் கால் வைப்பது மெட்கர் எவர்ஸ் பெயர் கொண்ட நிலையத்தில். 2004இல் சூட்டிய பெயர். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பி, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர் எவர்ஸ். மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் சட்டம் படிக்க அவருக்கு இடம் மறுத்தது. 1963 ஜூன் 12 அன்று நள்ளிரவு தாண்டி, சொந்த வீட்டு வாசலில், மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளே காத்திருக்க, முதுகில் சுடப்பட்டார். கொன்ற பைரன் டி லா பெக்வித், இண்டியனோலாவில் முளைத்த அந்த மன்றத்தின் உறுப்பினர். 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்தும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் தீர்ப்புக்கு வரவில்லை. 1994இல்தான் தண்டனை கிடைத்தது. கணவருக்கு நீதி கேட்டு மெர்லி எவர்ஸ் முப்பது ஆண்டுகள் ஓயாமல் நின்றார். விமான நிலையத்தின் பெயர்ப்பலகையைவிட அந்தத் தீர்ப்பைத்தான் நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன்.

எவர்ஸுக்கு இடம் மறுத்த அதே பல்கலைக்கழகத்தில் 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் நுழைய ராணுவம் வரவேண்டியிருந்தது. கலவரத்தில் இருவர் செத்தார்கள். 2006இல் அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள். 2014இல் அந்தச் சிலையின் கழுத்தில் யாரோ தூக்குக் கயிற்றை மாட்டினார்கள். மாற்றம் ஒரே நேர்க்கோட்டில் போவதில்லை என்பதை அந்த வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் நேரிலேயே பார்த்தார்கள்.

இறந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை வைப்பது எளிது. இருக்கிறவர்கள் அந்த மண்ணில் வளர முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் கிளார்க்ஸ்டேல் அருகே ஸ்டோவால் பண்ணையில் உழைத்தார். 1943இல் ரயிலேறி சிகாகோ போன பிறகே அவருடைய இசைக்கு மேடை கிடைத்தது. அவர் வாழ்ந்த குடிசை இன்று கிளார்க்ஸ்டேலின் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு இசையும் கற்றுக்கொடுக்கிறது. அங்கே கிதார் பிடிக்கக் கற்ற உள்ளூர்ப் பையன் கிங்ஃபிஷ் இங்ரம் 2022இல் கிராமி விருது வாங்கினார். அந்த ஆல்பத்தின் பெயர் ‘662’; அவருடைய ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண். கடலோர டிலைல் கிராமத்தில் வளர்ந்த ஜெஸ்மின் வார்ட் 2011, 2017 என இரண்டு முறை தேசியப் புத்தக விருது பெற்றவர். வெளியே போய்ப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, அங்கிருந்தே எழுதுகிறார். ரைட்டால் நினைத்தும் பார்த்திருக்க முடியாத வாழ்க்கை இது.

2020இல் மிசிசிப்பி, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் சின்னத்தைத் தன் கொடியிலிருந்து எடுத்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது மக்னோலியா மலர். ஆனால் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் பெருமைக்குரிய இருவரின் சிலைகளை வைத்திருக்கிறது. அங்கே மிசிசிப்பியின் சார்பில் 1931 முதல் நிற்பவர்கள் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசும், கறுப்பர்களின் ஓட்டைப் பறித்த 1890ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் முதன்மையான ஜேம்ஸ் ஜார்ஜும்தான். அண்டை மாநிலமான அர்க்கன்சா 2024இல் தன் பழைய சிலைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, லிட்டில் ராக் பள்ளிக்குக் கறுப்பினப் பிள்ளைகளை அனுப்பப் போராடிய டெய்சி பேட்ஸையும் பாடகர் ஜானி கேஷையும் நிறுத்தியது. மிசிசிப்பியிடம் ஹேமர் இருக்கிறார், எவர்ஸ் இருக்கிறார், பி.பி. கிங் இருக்கிறார். சட்டமன்றம் தீர்மானம் போட்டு, ஆளுநரும் ஒப்புக்கொண்டால் சிலைகளை மாற்றக் கோரலாம். முதல் இடம், 1890ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்கு விளக்கம் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஹேமருக்குக் கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.