சதவிகிதம் செய்யும் சாகசம்

ஜவுளிக் கடை வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: "50 சதவிகிதம் தள்ளுபடி! அதற்கு மேலும் 20 சதவிகிதம்!" ஆக 70 என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறீர்கள். 1000 ரூபாய்ப் புடவை 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதா? 400 ரூபாய் என்கிறார் கடைக்காரர். சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சொல்வது நியாயம்தான். முதல் 50 சதவிகிதம் 1000 ரூபாயில். அடுத்த 20 சதவிகிதம், குறைத்தது போக மிச்சமிருக்கும் 500 ரூபாயில்.

சதவிகிதம் என்றால் நூற்றுக்கு இத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நூற்றில் என்று கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

வங்கி உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் அவள் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கட்டங்கள், கம்பங்கள், துண்டு துண்டாகப் பிரித்த வட்டங்கள்! "டேட்டா இண்டர்பிரிடேஷன்" என்று அதற்குப் பெயர். சுவாரஸ்யமில்லாத கணக்கு என்று மூடி வைத்துவிட வேண்டாம். இதே மாதிரி ஒரு கணக்கு, பெரிய சர்வகலாசாலை ஒன்றின் மானத்தையே சந்தியில் நிறுத்தப் பார்த்தது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலைதான் அது. 1973-ம் வருஷம் மேல்பட்டப் படிப்புக்கு மனுப் போட்டவர்களில் 8,442 பேர் ஆண்கள். 4,321 பேர் பெண்கள். ஆண்களில் சுமார் 44 சதவிகிதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் சுமார் 35 சதவிகிதம் பேருக்குத்தான். பெண் என்பதற்காக ஒதுக்கிவிட்டார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது?

இந்த இரண்டு எண்களைக் கம்பங்களாக வரைந்து பத்திரிகையில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கோட்டை 0-வில் வைக்காமல் 30-ல் வைத்து வரைந்தால் என்ன ஆகும்? ஆண் கம்பம் 14 அளவு உயரம். பெண் கம்பம் வெறும் 5. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்! எண் மாறவே இல்லை, கண்ணில் படுவது மட்டும் மாறிவிட்டது. கம்பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் காலடியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. சரி, பெர்க்லிக்குத் திரும்புவோம்.

அங்கே பீட்டர் பிக்கெல் என்ற புள்ளிவிவர நிபுணரும் ஹாம்மெல், ஓ'கானெல் என்ற இருவரும் சேர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். 1975-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது சர்வகலாசாலை அல்ல, ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத்தான். அப்படியானால் பாரபட்சம் காட்டும் துறை எது? தேடினார்கள், தேடினார்கள், கணக்கு கையில் அகப்படாமல் நழுவியது!

ஆறு பெரிய துறைகளின் கணக்கு, பெயர் சொல்லாமல் எழுத்துக்களால் மட்டும் குறிக்கப்பட்டு, பிற்பாடு பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. அவற்றில் நாலு துறைகளில் பெண்களுக்குத்தான் சதவிகிதம் அதிகம். மற்ற இரண்டில் ஆண்கள் ஏதோ கொஞ்சம் முந்தியிருந்தார்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டு துறைகளை மட்டும் பார்ப்போம்.

'ஏ' துறையில் மனுப் போட்ட ஆண்கள் 825, இடம் பெற்றவர்கள் 512: நூற்றுக்கு 62. பெண்கள் 108 பேரில் 89: நூற்றுக்கு 82. 'எஃப்' துறையில் ஆண்கள் 373 பேரில் 22: நூற்றுக்கு 6. பெண்கள் 341 பேரில் 24: நூற்றுக்கு 7. இரண்டு இடத்திலும் ஜெயித்தது பெண்கள்!

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். ஆண்கள் 1,198 பேரில் 534: நூற்றுக்கு 45. பெண்கள் 449 பேரில் 113: நூற்றுக்கு 25. தனித்தனியே ஜெயித்தவர்கள் கூட்டிப் பார்த்தவுடன் தோற்றுப்போனார்கள்! கூட்டல் தப்போ என்று இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், தப்பில்லை.

சூட்சுமம் விகிதத்தில் இருக்கிறது. 'ஏ' துறையின் வாசல் அகலமானது. அங்கே ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய எட்டு ஆண்கள் போய் நின்றார்கள். 'எஃப்' ஊசிமுனை வாசல். அங்கே ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பெண்களில் நாலில் மூன்று பேர் குறுகலான வாசலிலே முட்டிக்கொண்டார்கள்! எட்வர்ட் சிம்ப்ஸன் என்ற பிரிட்டிஷ்காரர் 1951-லேயே இப்படிப்பட்ட விசித்திரத்தைப் பற்றி எழுதியிருந்தார். 'சிம்ப்ஸன் முரண்' என்றே இதைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் பெண்களுக்கு அநியாயமே நடக்கவில்லையா? அவசரப்படாதீர்கள். பெண் என்று பார்த்து வாசலில் நின்றவர்கள் தள்ளவில்லை. அவ்வளவுதான் இந்தக் கணக்கு சொல்வது. அந்தப் பெண்களை நெரிசலான வாசலுக்கு அனுப்பி வைத்தது யார்? வளர்ப்பும் பள்ளிப் படிப்பும்தான் என்று அந்த மூவருமே எழுதினார்கள். கூட்டம் அதிகம், பண உதவி குறைவு, பிற்பாடு உத்தியோக வாய்ப்பும் சுமார் என்ற துறைகளின் பக்கமே பெண்கள் திருப்பிவிடப்பட்டிருந்தார்கள். அதே பெர்க்லியில் ஆங்கில இலக்கியத்துக்கு மனுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மெக்கானிக்கல் இஞ்சினீயரிங்குக்கு மனுப் போட்டவர்களில் பெண்கள் நூற்றுக்கு 2!