பாறை ஓவியங்கள்

எழுத்துத் தோன்றுதற்குப் பன்னெடுங் காலத்திற்கு முன்பே மனிதன் ஓவியம் தீட்டக் கற்றுக்கொண்டான். வேட்டையாடிய விலங்குகளையும் ஆடி மகிழ்ந்த கூத்துகளையும், தான் தங்கிய மலைமுழைஞ்சுகளின் சுவர்களிலேயே வரைந்து வைத்தான். அவ்வோவியங்கள் மலிந்த இடங்களுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் போபால் நகருக்குத் தெற்கே விந்திய மலையடியில் உள்ள பீமபேட்கா. 'பீமன் அமர்ந்த இடம்' என்பது அப்பெயரின் பொருளாகும்.

1957-ஆம் ஆண்டில் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர் என்னும் தொல்பொருள் அறிஞர் புகைவண்டியில் செல்லும்போது, தொலைவில் இப்பாறைகளைக் கண்டார். அவற்றின் தோற்றம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் அவ்விடஞ் சென்று ஆராய்ந்தார். அம்மலைத் தொடரில் 700-க்கும் மேற்பட்ட முழைஞ்சுகள் இருத்தல் இன்று அறியப்பட்டுள்ளது.

கண்டு வியத்தல் எளிது. கண்டதைப் பதிவு செய்தலே அரிது. ஆய்வாளர் ஒவ்வொரு முழைஞ்சுக்கும் எண் இட்டு, அதன் இடத்தை வரைபடத்தில் குறிப்பர். ஓவியத்தின் நீள அகலங்களை அளப்பர். அளவுகோலை அருகில் வைத்து நிழற்படம் எடுப்பர். செந்நிறமோ வெண்ணிறமோ என்பதையும் எழுதுவர்.

இவற்றுள் தலையாய பணி ஒன்று உண்டு. முன்னோர் வரைந்த ஓவியத்தின்மேலேயே பின்வந்தோரும் வரைந்துள்ளனர். மேலே இருப்பது பின்னது. அடியில் இருப்பது முன்னது. காட்டு விலங்கின் உருவத்தின்மேல் குதிரை வீரன் உருவம் காணப்படின், எது முந்தியது என்பது விளங்கும். அழகிய உருவத்தை மட்டும் பெயர்த்தெழுதி ஏனையவற்றை விடுப்பவன், நூலின் ஏடுகளை முறைமாற்றி அடுக்கியவனை ஒப்பான்.

பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்த ஓவியத்தையும் ஒரு நொடியில் கெடுத்துவிடலாம். தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சிலர் பாறையில் நீர் தெளிப்பர். சிலர் சுண்ணத்துண்டால் கோடு வரைவர். வேறு சிலர் தம் பெயரைப் பொறிப்பர். இவை யாவும் பெருங்கேடு விளைப்பன. மழையும் வெயிலும் தாமே ஓவியத்தைத் தேய்க்கின்றன. மறைந்த ஓவியத்தை மீண்டும் பெறுதல் இயலாது. முறையாக எழுதிய பதிவு ஒன்றே அதன் செய்தியைக் காக்கும்.

பீமபேட்கா 2003-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை முதலிய இடங்களில் பாறை ஓவியங்கள் உள்ளன. மாணவர்கள் இத்தகைய ஓவியங்களைக் காண நேரின், கைபடாது நோக்குதல் வேண்டும். புதியனவாயின் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் வேண்டும். எழுத்தறியா முன்னோர் நமக்கு விடுத்த மடல்கள் அவை. அவற்றைச் சிதையாமல் பின்வருவோர் கையில் சேர்ப்பித்தல் நம் கடனாகும்.