சிறு காற்றாலை: வாங்குமுன் காற்றை அளந்து பாருங்கள்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் முன்னோர் மொழி. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் குடியானவர்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மேல்காற்று வீசத் தொடங்கியதும் கோழிக் கொட்டகையின் படுதாக்கள் கிழிவதையும், குலை தள்ளிய வாழைகள் சாய்வதையும் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இத்துணை வலிய காற்றை வீணே போகவிடாமல் மின்சாரமாக்கிக் கொள்ளலாகாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் வட்டாரத்துக் கோழிப்பண்ணையாளர் ஒருவர் விளம்பரத் தாள் ஒன்றுடன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். 2 கிலோவாட் சிறு காற்றாலை ஒன்றை நிறுவினால் மின்கட்டணம் பெரிதும் குறையும் என்று அத்தாள் கூறியது. வீட்டு நகைகளை அடகு வைத்து முன்பணம் கட்ட அவர் ஆயத்தமாயிருந்தார். "வாங்கலாமா ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அன்று அவரும் நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்த கணக்கையே இங்கு விரித்து எழுதுகின்றேன். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தம் ஊராருக்கு இதனை எடுத்துச் சொல்வார்களாக.

காற்றின் கணக்கு

காற்றாலையின் விளைவை நிருணயிப்பவை இரண்டு. ஒன்று, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு. மற்றொன்று, காற்றின் வேகம். பரப்பு இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும். வேகமோ அவ்வாறன்று, வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். அதுபோலவே, வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த ஒரு விதியை மனத்திற் பதித்துக்கொண்டால் ஏனையவை யாவும் எளிதில் விளங்கும்.

3 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது அவ்வட்டத்தின் வழியே சுமார் 7,000 வாட் ஆற்றல் செல்கிறது. 6 மீட்டர் வேகத்தில் அது சுமார் 880 வாட்; 3 மீட்டர் வேகத்தில் 110 வாட் மட்டுமே. இந்த ஆற்றல் முழுவதையும் எந்த இயந்திரத்தாலும் பெற முடியாது. 100-க்கு 59 பங்குக்கு மேல் எடுக்க இயலாதென்று ஜெர்மன் அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ஆம் ஆண்டிலேயே நிறுவிக் காட்டினார். சிறு இயந்திரங்கள் நடைமுறையில் நாலில் ஒரு பங்கு தருவதே பெரிது. ஆகவே 12 மீட்டர் வேகத்தில் 1,750 வாட் தரும் அதே இயந்திரம், 3 மீட்டர் வேகத்தில் 30 வாட்டும் தராது. பழைய குழல்விளக்கு ஒன்றை எரிக்கவும் அது போதாது.

விளம்பரத் தாளில் '2 கிலோவாட்' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 11 அல்லது 12 மீட்டர் வேகத்துக்குரிய அளவு. அவ்வேகம் ஆண்டில் எத்தனை மணி நேரம் நம் தோட்டத்தில் வீசுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் சமவெளியின் இயல்பு

தமிழ்நாட்டில் காற்றாலைகள் செறிந்துள்ள இடங்கள் யாவை? ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கேயுள்ள உடுமலை, பல்லடம் பகுதிகள் ஆகியவையே. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு வரும் தென்மேற்குப் பருவக் காற்று அங்கெல்லாம் விரைந்து பாய்கிறது. நம் பகுதி அத்தகைய கணவாயின் வாயில் அமையவில்லை. சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன் மலை, நகரமலை, சருகுமலை, கஞ்சமலை, கோதுமலை ஆகியவை நிற்கின்றன. நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை உள்ளது. ஆகவே ஓர் ஊரில் வீசும் காற்றைக் கொண்டு அடுத்த ஊரின் காற்றை மதிப்பிடுதல் இங்கே பிழையாகும்.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. பலத்த காற்று ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாசி வரையே வீசுகிறது. கிணற்றில் நீர் வற்றிப் பயிர் வாடும் மாசி, பங்குனி மாதங்களில் காற்று மந்தமாகிவிடுகிறது. ஆடியில் கிடைக்கும் மின்சாரத்தைப் பங்குனிக்கென்று பேட்டரியில் சேமித்து வைக்க இயலாது. ஆடியில் வந்த அனுபவத்தைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் கணக்கிடுவோர் ஏமாற்றமடைவது திண்ணம்.

ஓடந்துறை காட்டும் பாடம்

காற்றாலையால் பயனடைந்த ஊராட்சி உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. கோயமுத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006-ஆம் ஆண்டில் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு, சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. அது ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தருவதாகவும், ஊராட்சியின் தேவை போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று வருவாய் ஈட்டியதாகவும் செய்திகள் வெளிவந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து அதனைப் பார்த்துச் சென்றனர்.

இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அவ்வூராட்சி காற்றாலையைத் தன் ஊரில் நிறுத்தவில்லை. காற்று மிகுந்த உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள மைவாடியில் நிறுத்தியது. ஊர்ப் பெருமையைக் கருதாமல் காற்றைக் கருதியதே அதன் வெற்றிக்குக் காரணம். அவ்வளவு நல்ல இடத்திலும், 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுதும் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய 30 லட்சத்துக்கு மேற்பட்ட யூனிட்டில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைத்தது என்பதையும் நினைவிற் கொள்க.

காற்றை அளப்பது எவ்வாறு?

இறக்கை சுழலப்போகும் உயரத்திலேயே காற்றுவேகமானியையும் பதிவுக் கருவியையும் பொருத்தி, ஓராண்டு முழுவதும் அளத்தல் வேண்டும். மாதச் சராசரி மட்டும் போதாது; மணிவாரியான பதிவு வேண்டும். காரணம் எளியது. நாள் முழுதும் 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கும், பாதி நாள் 2 மீட்டராகவும் பாதி நாள் 6 மீட்டராகவும் வீசும் காற்றுக்கும் சராசரி ஒன்றே. ஆனால் இரண்டாவது காற்றில் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு மிகுதி.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்று வள வரைபடங்களை வெளியிட்டுள்ளது. அவை பெரிய காற்றாலைகளுக்குரிய 100 மீட்டர், 120 மீட்டர் போன்ற உயரங்களைப் பற்றியவை. 15 மீட்டர்க் கம்பத்துக்கு அவற்றை அப்படியே கொள்ளலாகாது. கருவியின் விலை ஒருவருக்குச் சுமையெனில், பத்துப் பண்ணையாளர்கள் கூடியோ கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவோ வாங்கி, ஆண்டுக்கு ஓர் இடமாக வைத்து அளக்கலாம்.

இடத்தேர்வில் ஒரு விதி உண்டு. 500 அடி சுற்றளவுக்குள் உள்ள தென்னை, புளி, கொட்டகை, வீடு ஆகிய எதனினும் 30 அடியேனும் உயரத்தில் இறக்கையின் கீழ்நுனி சுழல வேண்டும். தென்னந்தோப்பின் நடுவே குட்டைக் கம்பத்தில் நிறுத்தினால் சுழிக்காற்றில் சிக்கி இயந்திரம் ஆடுமேயன்றி மின்சாரம் தராது. திறந்த வெளியில் கோபுரத்தை 10 மீட்டரிலிருந்து 20 மீட்டராக உயர்த்தினால் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடும்; ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு கூடும். கொட்டகைக் கூரைமீது நிறுத்துவதை அறவே தவிர்க்க. அதிர்வினால் கூரைக்குக் கேடு வரும்.

வரவும் செலவும்

மேற்கூறிய 3 மீட்டர் இயந்திரம், ஆண்டுச் சராசரி வேகம் 3 மீட்டராயின் ஆண்டுக்கு ஏறத்தாழ 350 முதல் 400 யூனிட் தரும். 4 மீட்டராயின் சுமார் 900 யூனிட். 5 மீட்டராயின் சுமார் 1,800 யூனிட். 1 கிலோவாட் சூரிய மின்தகடோ நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவு தரும். அதற்குச் சுழலும் உறுப்பு எதுவுமில்லை.

கோபுரம், அடித்தளம், இன்வெர்ட்டர், இடிதாங்கி எல்லாம் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் ஆகுமென்றும், ஒரு யூனிட் 8 ரூபாயென்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 900 யூனிட்டுக்கு ஆண்டு மிச்சம் 7,200 ரூபாய். போட்ட முதல் திரும்ப 41 ஆண்டுகளுக்கு மேலாகும். இயந்திரத்தின் ஆயுளோ 20 ஆண்டளவே. வட்டியையும், பேரிங், பேட்டரி மாற்றும் செலவையும் இதில் சேர்க்கவில்லை. உங்களுக்குக் கிடைத்த விலையையும், உங்கள் மின்கட்டணச் சீட்டிலுள்ள வீதத்தையும் இட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

விவசாய மின்னிணைப்புக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. ஆதலால் இணைப்புள்ள கிணற்றுக்குக் காற்றாலை வைப்பதால் மிச்சம் எதுவுமில்லை. இணைப்புக் கிடைக்காதவர்கள் ஆழத்தையும் கணக்கிட வேண்டும். 600 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் நீரை மேலேற்றச் சுமார் 1 யூனிட் செலவாகும். நாளொன்றுக்கு 1 யூனிட் தரும் காற்றாலை ஐந்து குடத்தளவு நீரன்று, ஐம்பது அறுபது குடம் நீர் தரும். ஆயினும் ஓர் ஏக்கர்ப் பாசனத்துக்கு அது எம்மூலைக்கு? கவலை ஏற்றம் இறைத்த காலத்தில், நீர்மட்டம் மேலேயிருந்த திறந்த கிணறுகளுக்குப் பல இறக்கைகள் கொண்ட நீரிறைக்கும் காற்றாடிகள் பொருந்தின. 1960-களில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடமும் அத்தகையவற்றை வடிவமைத்தது. இன்றைய ஆழ்துளைக் கிணறுகளுக்கு அவை ஏற்றவையல்ல.

கட்டணம் செலுத்தும் கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி உடைமையாளர்கள் முதலில் சூரிய மின்தகட்டையும், கோழி எச்சத்திலிருந்தும் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்தும் பெறும் எரிவாயுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஓராண்டு அளந்து, சராசரி வேகம் 5 மீட்டருக்கு மேல் இருப்பதைக் கண்டவர்கள், மேகம் மூடும் ஆடியிலும் இரவிலும் துணையாகும் பொருட்டுச் சூரிய மின்தகட்டோடு சிறு காற்றாலையையும் இணைப்பதைப் பற்றி எண்ணலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு வேகத்துக்கும் எத்தனை வாட் கிடைக்கும் என்னும் அட்டவணை, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றிதழ், ஆண்டு விளைச்சலைப் பற்றிய எழுத்து மூலமான உறுதி, பழுது பார்க்கும் ஆள் இருக்கும் ஊர் ஆகிய நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக, நம் சமவெளியிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவரும் ஓர் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதனைத் தை மாதத்தில் போய்ப் பாருங்கள். ஆடியில் பார்க்க வேண்டா.

அன்று வந்த கோழிப்பண்ணையாளர் நகைகளைத் திரும்ப எடுத்துச் சென்றார். இப்பொழுது அவருடைய தோட்டத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் காற்றுவேகமானி சுழன்றுகொண்டிருக்கிறது. ஆண்டு முடிவில் அது காற்றாலை வேண்டுமென்று சொன்னால் அவர் வாங்குவார். வேண்டாவென்று சொன்னால் அவருடைய முதல் அவரிடமே இருக்கும். விதைக்குமுன் மண்ணைச் சோதிக்கும் வழக்கத்தை நாம் கைக்கொண்டுள்ளோம். அதுபோல் முதலிடுமுன் காற்றைச் சோதிக்கும் வழக்கத்தையும் நம் கிராமங்கள் மேற்கொள்ளுமாக.