உங்களுக்குத் தெரியுமா? சிகரெட் தொடாதவரின் நுரையீரலிலும் புகை!

சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லையா? உங்களுக்கும் சிஓபிடி வரலாம்! மூச்சுக்குழாய் சுருங்கி, நாலு படி ஏறினாலே இளைக்க வைக்கும் தீராத நோய் அது. உலகில் அது உள்ளவர்களில் நான்கில் ஒருவராவது ஆயுளில் புகைபிடித்ததே இல்லை!

கொசுவர்த்திச் சுருள் ஏற்றப் போகிறீர்களா? ஒரு நிமிடம்! ஒரே ஒரு சுருள் எரிந்து கக்கும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம்! 2003இல் வெளிவந்த ஆய்வு இது. சோதித்த சுருள்கள் எந்த நாட்டவை? சீனாவும் நம் மலேசியாவும்! ஜன்னலை அடைத்துக்கொண்டு பிள்ளையின் தலைமாட்டில் சுருள் வைக்கும் வீடுகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

   

அடுப்படிப் புகையும் நெஞ்சைக் கெடுக்கும் என்று முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவரான எஸ்.பத்மாவதி! டெல்லியில் நுரையீரல் கெட்டு, அதனால் இதயமும் வீங்கிய 127 பேரை ஆராய்ந்தார். ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் இருந்தார்கள். புகைபிடித்த பெண்களோ மிகச் சிலர்! அப்படியானால்? விறகும் சாணமும் எரிந்த அடுப்பு! 1959லேயே எழுதிவிட்டார். அவர் வாழ்ந்தது 103 வயது வரை!

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், 45 கிராமங்கள், புகைபிடிக்காத 900 பெண்கள். ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். சுமார் 2.4 சதவீதம் பேருக்கு சிஓபிடி! அடுப்படியில் தினம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றவர்களிடம் அது இன்னும் கூடுதல்!

2005 ஆகஸ்ட் 11. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை! கலவரமில்லை, போரில்லை. சுமத்ராவில் மூண்ட தீயின் புகைமூட்டம்! காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50 வரை இருந்தால்தான் நல்ல காற்று. அன்று அது தாண்டியது 500ஐ!

எல்லை தாண்டும் அந்தப் புகையை அடக்க ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டது எந்த ஊரில்? கோலாலம்பூரிலேயேதான், 2002இல்! இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ய எடுத்துக்கொண்டது 12 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் மூச்சு முட்டியது நம் பிள்ளைகளுக்கு.

நுரையீரலின் அடிவரை இறங்கும் துகள் எவ்வளவு சிறிது? உங்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு!

சிஓபிடி நோயைக் கண்டுபிடிக்க ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஊதினால் போதும்! ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரை 1846இலேயே உலகுக்குக் காட்டினார் ஜான் ஹட்சின்சன். அதற்காக அவர் ஊதவைத்தது 2,000 பேருக்கு மேல்! இன்றைய கணக்கு இன்னும் சுவாரசியம். மூச்சு விரிக்கும் மருந்தை இழுத்தபின், நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி ஒரே மூச்சாக ஊதுங்கள். வெளிவரும் மொத்தக் காற்றில் முதல் ஒரே விநாடியில் வரவேண்டியது குறைந்தது 70 சதவீதம்!