தேர்ச்சீலைக்கு ஏற்ற துண்டுத்துணி

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் தேரோட்டம் காணச் செல்லும் அங்கத்தினர்கள், தேரைச் சுற்றிய சீலைகளையும் சற்றுக் கவனித்தல் நன்று. தமிழ்நாட்டுத் தேர்ச்சீலைகளும் உருளை வடிவான தொம்பைகளும் ஒட்டுவேலையால் ஆனவை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் துணிகளைப் பூவும் யாளியுமாகக் கத்தரித்து, விளிம்பை மடித்து, அடித்துணிமீது பொருத்தித் தைப்பர். தஞ்சை வட்டாரத் தையற்கலைஞர்கள் இதில் பேர்பெற்றவர்கள்.

இவ்வேலையின் ஆயுள் தையலைவிடத் துணியையே பெரிதும் பொறுத்தது. சாயம் நில்லாத சிவப்புத்துணி ஒன்றிருந்தாலும், ஒரு மழையில் அருகிலுள்ள வெள்ளை கெட்டுவிடும். (1960களில் அமெரிக்கர், சாயம் கசியும் மதராஸ் கட்டத்துணியை விரும்பி வாங்கினர், தேருக்கு அது ஆகாது!) நனைக்காத துணியோ பின்னர்ச் சுருங்கிச் சீலையைக் கோணச்செய்யும். ஆகவே, முன்னதாக நனைத்துலர்த்தி, பாவும் ஊடும் ஒரே போக்கில் அமையுமாறு வெட்டவேண்டும்.

சங்கங்கள் எடைக்குப் போடும் வெட்டுத்துணிகளிலிருந்து கெட்டிச்சாயத் துணிகளைப் பிரித்துக் குறியிட்டு வைத்தால், தையற்காரர் நம்பி வாங்குவர்; நெசவாளருக்கும் நாலு காசு மிஞ்சும்.