நாணயம் எண்ணும் இயந்திரம்: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கன்னிவாடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா, தைப்பூச சமயத்தில் திண்டுக்கல் - பழனி சாலையோரம் பந்தல் போட்டு டீக்கடையும் நடத்துவார். பாதயாத்திரை போகிறவர்கள் கையில் சில்லறைதான் அதிகம். திருவிழா முடிந்ததும் அரிசிச் சாக்கில் நாணயங்களைக் கொட்டி வைத்துக் கொண்டு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எண்ணுவார்கள். "மாப்ள, கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ற. இத எண்றதுக்கு ஒரு மெஷினு பாத்துக் குடேன்" என்றார் ஒரு முறை.

நானும் இணையத்தில் தேடி, ஐந்து குழாய்கள் வைத்த ஒரு சிறிய இயந்திரத்தை வரவழைத்துக் கொடுத்தேன். நாணயங்களை மேலே கொட்டினால் போதும். அதுவே வகை பிரித்து எண்ணிவிடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. மாமா அதை நம்பி, 2 ரூபாய் நாணயம் நூறு என்று பை கட்டி, ஒட்டன்சத்திரத்தில் சரக்கு வாங்கும் இடத்தில் கொடுத்தார். அங்கே பையைப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். அதில் முப்பத்தொன்று 1 ரூபாய் நாணயங்கள். இருபது வருடமாகக் கடன் சொல்லி சரக்கு எடுக்கும் இடம் அது. மாமா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க போனே செய்யவில்லை.

இயந்திரம் பழுதா? இல்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விலை குறைந்த பிரிக்கும் இயந்திரங்கள் நாணயத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. சுழலும் தட்டு நாணயங்களை ஓரத்துக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து சரிவான பாதையில் உருண்டு வரும்போது சிறிய துளையிலிருந்து பெரிய துளை வரை வரிசையாக இருக்கும். எந்தத் துளையில் விழுகிறதோ அதுதான் அந்த நாணயத்தின் மதிப்பு. அதாவது விட்டத்தை மட்டுமே அளக்கிறது. அமெரிக்காவில் இது நன்றாக வேலை செய்யும். ஐரோப்பாவின் யூரோ நாணயங்கள் எட்டும் எட்டு அளவு. நம் நாட்டில் கதை வேறு.

ஒரு ஸ்கேல் எடுத்துக் கொண்டு உங்கள் உண்டியலைக் கொட்டிப் பாருங்கள். 1992 முதல் வந்த ஸ்டீல் 1 ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லி மீட்டர், எடை 4.85 கிராம். 2011ல் வெளியான புதிய வரிசையில் 2 ரூபாய் நாணயம்? அதுவும் 25 மி.மீ., அதுவும் 4.85 கிராம், அதே ஸ்டீல்! அந்த வரிசையின் 1 ரூபாய், பழைய 50 பைசாவின் அளவுக்கு, 22 மி.மீட்டருக்கு இறங்கிவிட்டது. 2019 வரிசையில் 1 ரூபாய் 20 மி.மீ., 2 ரூபாய் 23 மி.மீ. ஆனால் 23 என்பது பழைய 5 ரூபாயின் விட்டம். புதிய 5 ரூபாயோ 25 மி.மீ. 10 ரூபாயும் 20 ரூபாயும் இரண்டுமே 27 மி.மீ. எல்லாமே இன்றும் செல்லும் நாணயங்கள். எல்லாம் ஒரே கல்லாவில்தான் விழுகின்றன. இதில் 25 மி.மீ. துளை வழியே விழுவது ஒன்றா, இரண்டா, ஐந்தா என்று இயந்திரம் எப்படிச் சொல்லும்? உலோகத்தை உணரும் விலை உயர்ந்த சென்சார் இருந்தால் கூட மஞ்சள் நிற 5 ரூபாயைத்தான் தனியே பிரிக்க முடியும். பழைய 1, 2011 வரிசை 2 இரண்டையும் பிரிக்க அதற்கும் வழியில்லை.

நம் கண்ணுக்கு மட்டும் இது எளிது. ரூபாய்க்கான குறியீடு 2010ல்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே 25 மி.மீ. ஸ்டீல் நாணயத்தில் அந்தக் குறி இருந்தால் 2 ரூபாய். இல்லையென்றால் 1 ரூபாய். மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததும் இயந்திரத்தை விட வேகமாகப் பிரித்தார்கள். பழனி கோயில் உண்டியலையே கோயில் ஊழியர்களும் வங்கி அலுவலர்களும் மாணவ மாணவியரும் உட்கார்ந்து கையால்தானே பிரிக்கிறார்கள்! அங்கே வெளிநாட்டுக் காசும், தங்க வேலும் சேர்ந்து வரும் என்பது வேறு விஷயம்.

எனவே வீட்டு உண்டியலுக்கு இயந்திரமே வேண்டாம். எலக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும். கையால் வகை பிரித்து, எடை போட்டு, ஒரு நாணயத்தின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். எக்ஸெல் ஒர்க்ஷீட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை அமைத்து, ரவுண்ட் ஃபங்ஷனைப் பயன்படுத்தி, பின் மதிப்பால் பெருக்கிட ஃபார்முலா அமைத்துவிட்டால் எடையை மட்டும் டைப் செய்திடலாம். ஆனால் எச்சரிக்கை: வரிசை மாறினால் எடையும் மாறும். 1 ரூபாயிலேயே 4.85, 3.79, 3.09 என மூன்று எடைகள் உள்ளன. பழைய கனமான 5 ரூபாய் 9 கிராம். பின்னால் வந்த ஸ்டீல் 5 ரூபாய் 6 கிராம். கலந்து எடை போட்டால் பழைய இரண்டு நாணயத்தைத் தராசு மூன்றாகக் காட்டும். இந்த இரண்டையும் பிரிக்க ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் போதும். ஸ்டீல் ஒட்டும், பழையது ஒட்டாது.

தினமும் ஆயிரக்கணக்கில் நாணயம் புழங்கும் கடை, பேருந்து நிறுவனம், கோயில் என்றால், பிரிக்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே வகையை எண்ணும் இயந்திரத்தை வாங்குங்கள். இதில் விட்டத்துக்கும் தடிமனுக்கும் தனித்தனியே செட்டிங் இருக்கும். நூறு என்று குறித்துவிட்டால் நூறாவது நாணயத்தோடு நின்றுவிடும். பையை மாற்றி மறுபடி ஓட்டலாம். இந்த பேட்ச் வசதி இல்லாததை வாங்காதீர்கள். பல மாடல்களில் அளவு குறைந்த நாணயம் வேறு வழியாக வெளியே விழும். இதுவும் பயனுள்ளதே.

டெமோ காட்டும்போது அவர்கள் கொண்டு வரும் பளபளக்கும் புதுக்காசை அனுமதிக்காதீர்கள். உங்கள் கல்லாவிலிருந்து ஒரு கிலோ எடுத்துப் போங்கள். நூறு நாணயத்தைக் கையால் எண்ணிப் போட்டு, அதையே பத்து முறை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு முறை 99 காட்டினாலும் எழுந்து வந்துவிடலாம். நடுவில் ஒரு நாணயம் சிக்கினால் மூடியைக் கையால் திறந்து எடுக்க முடிகிறதா, ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமா என்றும் பாருங்கள். விபூதி, குங்குமம், மாவு ஒட்டிய நாணயம் சென்சாரை மறைத்துவிடும் என்பதால் முதலில் சல்லடையில் போட்டுச் சலித்திட வேண்டும். பெல்ட்டும் ரப்பர் உருளையும் தேயும் பொருட்கள். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அவை கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

எண்ணியதை எங்கே கொடுப்பது? 1, 2 ரூபாய் நாணயங்களை எடை போட்டு வாங்கலாம் என்றும், நூறு நூறாக பாலிதீன் பையில் கட்டி வாங்குவது இரு தரப்புக்கும் வசதி என்றும் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியுள்ளது. 10 ரூபாய் நாணயத்தை யாராவது மறுத்தால், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்ததைச் சொல்லுங்கள்.

மாமா அந்த ஐந்து குழாய் இயந்திரத்தைத் திருப்பித் தரவில்லை. இப்போது கையால் பிரித்து, தராசில் போட்டு, ஒவ்வொரு பையிலும் வகையையும் எடையையும் எழுதிக் கட்டுகிறார். ஒட்டன்சத்திரத்தில் முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு பையையும் பிரித்து எண்ணினார்கள். மூன்றாவது மாதம் தராசில் வைத்துப் பார்த்து உள்ளே எடுத்துக் கொண்டார்களாம். அன்று இரவுதான் எனக்கு போன் செய்தார்.