குறிபார்ப்போருக்கு ஏற்ற தன்னேற்ற ரைபிள்

தேசிய மாணவர் படையில் .22 ரைபிளைக் கையாண்ட நேயர்கள், ஒவ்வொரு வேட்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளியதை மறந்திருக்கமாட்டார்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வேட்டு. அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் என்னும் ரைபிளும் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கேம்ப் பெர்ரிக்கு 1907-இல் மாறிய தேசியப் போட்டிகளில் அதனைக் காணலாம். 300 கெஜத்தில் படுத்தவாறு 70 வினாடிகளில் பத்து வேட்டுகளை முடிக்கவேண்டிய கட்டம் அங்கே உண்டு.

இதனைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்கவேண்டியது குழலையே என்போம். சுடுகையில் குழல் அதிர்கின்றது. அதிர்வு என்றும் ஒரே வகையாய் இருந்தாலன்றிக் குண்டுகள் ஓரிடத்தே சேரா. எம்-14 வகையில் இயந்திரப் பகுதி மரக்கட்டையில் இறுகப் பொருந்தி அமர்தல் வேண்டும். அப்பொருத்தமோ நாளடைவில் தளரும். பிசினிட்டு மீண்டும் அமர்த்துவது கைதேர்ந்தார் வேலை, செலவும் மிகுதி. ஏஆர்-15 வகையில் குழலைச் சுற்றி ஓர் உறையிட்டு, கையும் தோள்வாரும் குழலைத் தீண்டாதபடி செய்துவிடலாம். 1990-களில் போட்டியாளர் பலர் அதன்பால் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, குண்டைச் சுழற்றும் உட்புரி. 12 அங்குலத்திற்கு ஒரு சுற்றுள்ள புரி, 55 கிரெயின் குண்டுக்குப் போதும். (பதினைந்தரைக் கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம்.) 600 கெஜத்தில் காற்றைச் சமாளிக்கும் 80 கிரெயின் நீள்குண்டு அப்புரியில் நிலைகொள்ளாது தள்ளாடும், அதற்கு 8 அல்லது 7 அங்குலப் புரி வேண்டும். வேடிக்கை என்னவெனில், அக்குண்டு பொருத்திய தோட்டா பெட்டியில் அடங்காத நீளமுடையது. ஆகவே 600 கெஜத்தில் தன்னேற்ற ரைபிளிலும் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையாலேயே இடுகின்றனர்.